ஏறாத ஆயிரத்து ஐந்நூறு

புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அருணாச்சலத்தை உள்ளே எல்லோரும் 'மஹாகாயி அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். மஹாகாயி என்றால் மராத்தியில் விலைவாசி ஏற்றம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டு எண் வந்ததும், பஞ்சப்படி எவ்வளவு கூடும் என்று யூனியன் கூட்டத்தில் கணக்குப் போட்டுச் சொல்கிறவர் அவர்தான்.

"போன வருஷம் நூறு ரூபாய்க்குப் பை நெரம்புச்சு. இப்ப அதே நூறுக்கு முக்கால் பைதான். நோட்டு அதேதான், அதுக்கு வாங்குற தெம்பு போச்சு. இதுக்குப் பேருதான் பணவீக்கம். சம்பளம் கூடலைன்னா நாம பட்டினி" என்று இந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றி விளக்குவார். நிர்வாகமே அவரிடம் வாயைக் கொடுக்காது.

ஊருக்குத்தான் உபதேசம். 1994-இல் வீட்டுச் செலவுக்கென்று மனைவி மல்லிகா கையில் மாதம் ஆயிரத்து ஐந்நூறு கொடுக்க ஆரம்பித்தவர், 2003 வரை அதையேதான் கொடுத்தார். கூடி வந்த பஞ்சப்படியெல்லாம் மகன் ராஜாவின் இன்ஜினியரிங் படிப்புக்கென்று பேங்கில் போய் உட்கார்ந்தது. கெட்ட மனுஷனில்லை, அவள் கேட்கவில்லை, இவருக்குத் தோன்றவில்லை. போதாததற்கு ஒரு பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து, "எத்தனை விலை ஏறினாலும் எம் பொண்டாட்டி ஆயிரத்து ஐந்நூறுலயே குடும்பம் நடத்துவா" என்று பீற்றிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். மல்லிகாவும் சிரித்தாள். அதோடு அவள் வாய் அடைத்துப் போயிற்று. பாவி மனுஷன்!

2003 மழைக்காலத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. என்ன மாத்திரை சாப்பிட்டு வந்தாள் என்று டாக்டர் கேட்க, இவருக்குத் தெரியவில்லை. வழக்கமான மருந்துக் கடைக்கு ஓடினார்.

"பிரஷர் மாத்திரைதான்" என்றார் கடைக்காரர் மராத்தியில். "அண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுவாங்க. ஒரு மாச மாத்திரையை ரெண்டு மாசத்துக்கு ஓட்டுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து உட்கார்ந்து அழுதார். "ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அத்தனை பேருக்கு முன்னாடி பெருமையா சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படிங்க கேக்குறது?" பேச்சு குழறித்தான் வந்தது.

"அடுத்த மாசத்துலேருந்து மூவாயிரம் தரேன் மல்லிகா."

"அவ்வளவு எதுக்குங்க? ரெண்டாயிரம் போதும். அதுலயே பாத்துக்குவேன்."

மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள். சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.