தங்கை வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸ்

அன்று வீட்டில் இருந்தது நான். என் மனைவி. என் தங்கை. தங்கையின் வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். நாற்காலி என்னுடையது.

எனக்கும் அவருக்கும் ஒரே தொழில். பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால் கடையில் அதன்படி தறிக்குத் துளை போட்ட அட்டை அடித்துத் தருவார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். அவர் டிப்ளமோ. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் அவர் போட்ட சேலைக் கரையைத்தான் பேசினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஆன்டிவைரஸ் போட்டுட்டேன் மச்சான். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அது பாட்டுக்கு வேல செஞ்சிக்கினு இருக்கும்" என்றார்.

அது பாட்டுக்குத்தான் செய்தது. நான் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நெட் பெட்டியில் விளக்கு மினுக்கியது. என்னென்ன ஓடுகிறது என்று திறந்து பார்த்தேன். அப்டேட்டர் என்று ஒன்று. மூடினேன். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து நின்றது. மறுபடி மூடினேன். மறுபடி வந்தது.

முதல் சேலை தறியிலிருந்து இறங்கும்வரை புது டிசைனைக் கூடப்பிறந்தவனுக்கும் காட்ட மாட்டோம். அப்டேட்டர் இப்படி வந்து நின்ற சமயம் பார்த்து அவர் கரையில் ஒரு யாளி வந்தது. நான் வரைந்து வைத்திருந்த யாளி மாதிரியே வாலைச் சுருட்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே கோயில் தூணைப் பார்த்து வரைகிறவர்கள். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. அப்டேட்டர் என் டிசைனை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறது என்று முடிவு செய்தேன். நெட் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.

"அவுரு மேல இன்னா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒயரப் புடுங்கிட்டு உக்காந்துக்கினு இருக்கீங்க?"

கல்யாண சீசனுக்கு ஒரு பட்டு முதலாளி எங்கள் இருவரிடமும் கரை கேட்டிருந்தார். யாருடையது பிடிக்கிறதோ அவருக்கு சீசன் முழுக்க வேலை. இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். அட்டைக் கடைக்குப் பென் டிரைவ் போய்த் திரும்பி வந்தது. மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் டிசைன்கள் இல்லை. எல்லாம் ஷார்ட்கட்டாக நின்றன. அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. முதலாளிக்கு அன்று சாயங்காலம் காட்ட வேண்டும்.

மனைவி என்னைக் கேட்காமல் அவருக்குப் போன் போட்டாள். வண்டியில் பின்னால் தங்கையும் வந்தாள்.

அவர் பார்த்தார். "கடசியா அப்டேட் ஆயி ரெண்டு மாசம் ஆவுது. நெட் இல்லியா மச்சான்?"

தங்கை ஒயரைத் தூக்கிக் காட்டினாள். "இருக்குது. அண்ணன்தான் அதுக்கு ரெஸ்ட் குடுத்திருக்குது."

"அந்த அப்டேட்டர் இங்கேர்ந்து எதையாவது எடுத்துக்கினு போவுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். புரிந்திருக்கும்.

"உங்க டிசைனயா? இல்ல மச்சான். புதுசா இன்னா வந்திருக்குதுன்னு கேக்கும். கொண்டாந்து வைக்கும். அவ்ளோதான் அதோட வேல. தெனம் ஒரு புதுத் திருடன் வரான். மூஞ்சி தெரிஞ்சாத்தான காவக்காரன் புடிப்பான். உங்க ஆளு ரெண்டு மாசமா பழைய மூஞ்சிங்களயே வெச்சிக்கினு உக்காந்திருக்கான்."

"மூடினா திரும்பத் திரும்ப வருதே."

"நேரத்துக்கு அத எழுப்பிவிட இன்னொண்ண வெச்சிருக்காங்க. மூடறது மனுசனா வைரஸான்னு அதுக்குத் தெரியாதில்ல."

மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஒயரை மாட்டினார். அப்டேட் இறங்கியது. பென் டிரைவில் வந்த வைரஸ் சிக்கியது. டிசைன்கள் அழியவில்லை, மறைந்துதான் இருந்தன. வெளியே எடுத்தார். ஏதாவது கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றாகத் திறந்தார். கூடப்பிறந்தவனுக்கும் காட்டாத டிசைன்கள். கல்யாணக் கரையில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்குது மச்சான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்ததைத் திறந்தார். கடைசிவரை ஒன்றையும் விடவில்லை. நானும் கூடவே எண்ணினேன்.

நாற்பத்தாறு.