தப்பிப்போன அந்தச் சுரம்

போன வருடம் மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜொகூர் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மண்டபத்தில் நடந்தது இது. வெளிநாட்டிலிருந்து ஒரு மூத்த புளூஸ் ராக் கிட்டார் கலைஞர் வந்திருந்தார். நானும் என் கூட்டாளியும் பள்ளிக்கூட வயதில் கேசட் தேயத் தேயக் கேட்டவர்.

கூட்டாளி, பத்து பாகாட்டில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு வெகுகாலம் கிட்டார் வாசித்தவன். பக்கவாதம் வந்தது, பிறகு கால் தேறிவிட்டது. இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும் தேறவில்லை. அன்றிலிருந்து கிட்டார் உறைக்குள் கிடந்தது. "அடுத்த ஞாயிறு கோயில் பிள்ளைங்களுக்கே கொடுத்துடப் போறாராம்ணே. அதையும் கொடுத்துட்டா மனுஷன் ஒடிஞ்சி போயிடுவாரு" என்று அவன் மனைவி என்னிடம் அழுதாள். தன் நாயகனை நேரில் கேட்டால் மனம் மாறுவான் என்றுதான் அவனைக் காரில் ஏற்றினேன்.

வாசலிலேயே எனக்குச் சந்தேகம். சுவரொட்டியில் இருந்த முகம் எங்கள் கேசட் அட்டையில் இருந்த அதே இளமுகம். மேடைக்கு வந்தவரோ தயங்கித் தயங்கி நடந்தார், நாற்காலி கேட்டார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. இவர் அவர்தானா? நிறையப் பேசினார், கொஞ்சம் வாசித்தார். வாசித்ததும் வழவழவென்று, கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி. அந்தப் பழைய கீறல் எங்கே, அந்த நெருப்பு எங்கே? விரல் ஓட வேண்டிய இடங்களிலெல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"டேப் போட்டு ஏமாத்துறாங்கடா" என்றேன். கூட்டாளி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கிட்டாரைக் கொடுத்துவிடுவது என்று மனத்துக்குள் முடிவே கட்டிவிட்டானோ?

கடைசியில் நாங்கள் காத்திருந்த பாட்டு வந்தது. அதன் நடுவே நீளமான ஒரு சுரம். கம்பியை இழுத்துப் பிடித்து, கேட்பவர் மூச்சடைக்கும் வரை விடாமல் நிறுத்துவார். அதைப் பழகி எங்கள் விரல் தோல் உரிந்த காலம் உண்டு. இந்த முறை அவர் எங்கள் பக்கம் திரும்பினார். இழுத்தார். எட்டவில்லை. பாதி வழியில் கம்பி விரலடியிலிருந்து நழுவி, கதவு கிறீச்சிட்டது போல் ஒரு சத்தம். மறுபடி இழுத்தார். மறுபடியும் நழுவியது. பின்னால் யாரோ கேலியாக விசில் அடித்தார்கள். சிலர் எழுந்தே போனார்கள். இவனை அழைத்து வந்து கெடுத்துவிட்டேனே என்று பயந்துகொண்டே பக்கத்தில் பார்த்தேன்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அலமாக்! டேப்புன்னா தப்பு வராது லா மச்சான். ஆளேதான் வாசிக்கிறாரு!"

மூன்றாம் முறை அவர் இழுக்கவில்லை. அதே சுரத்தைத் தாழ்வாக, சின்னதாகத் தொட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பாட்டை முடித்தார். கைதட்டல் தூறலாக விழுந்து நின்றது.

திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாமில், மண்பாண்டக் கடைகளுக்கு எதிரே தேநீர் குடித்தோம். அவன் இடது கை மேசை விளிம்பில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது.

"கொடுக்கல மச்சான். அடுத்த ஞாயிறு நானே வாசிக்கப் போறேன்."

"அந்த ரெண்டு விரல்?"

"கட்டைவிரல் போக, மத்த ரெண்டும் எதுக்கு இருக்கு? அவரு மேடையில தப்பு பண்ணிட்டு அடுத்த வரிக்குப் போறாரு. நான் தப்பு பண்ணா மாதா என்ன, விசிலா அடிக்கப் போறாங்க?"

நம்பாமல்தான் அடுத்த ஞாயிறு போய் உட்கார்ந்தேன். நற்கருணைப் பாட்டின் நடுவே ஒரு சுரம் கரகரத்துச் செத்தது. பாடகர் குழு திரும்பிப் பார்த்தது. அவன் தலை நிமிராமல் அடுத்த வரிக்குப் போனான். முன்வரிசையில் அவன் மனைவி முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள்.

எதையும் சந்தேகிக்கும் புத்தி இன்னும் என்னை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் பிசிறே இல்லாமல் வரும் இசையில்தான் அது விழித்துக்கொள்கிறது. எங்காவது ஒரு சுரம் தப்பிவிட்டால், அங்கே ஒரு மனிதன் இருக்கிறான் என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக் கேட்கிறேன்.