குறுக்கு விசாரணைக்கு ஒரு பெண்

வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டுச் சட்டம் படித்தவள் நான். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது ஆய்வுக்கூடத்தில் வந்த பழக்கம். எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் ஒரு மூத்த வக்கீலிடம் சேர்ந்தபோது, ஜூனியரின் வேலைகளை இப்படி வரிசைப்படுத்திக்கொண்டேன்: கேஸ் கட்டுத் தூக்குவது, வாய்தா வாங்குவது, நகல் மனு போடுவது, சீனியர் சிரித்தால் சிரிப்பது. சம்பளம் அந்த வரிசையில் இல்லை. யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஏலக்காய்க் கமிஷன் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் படியேறி வரும்போதே மூச்சை இழுத்து, "ஆகா, என்ன வாசனை" என்பார்கள். தினமும் இருப்பவர்களுக்கு அது கோட்டில், தலைமுடியில், மதியச் சோற்றில் எல்லாம் ஏறிவிடும். முந்தின நாள் குடித்த பிராந்தியை மறைக்க எங்கள் குமாஸ்தா எந்நேரமும் ஏலக்காய் மென்றுகொண்டிருப்பார். அது மறைக்காது. இரண்டு வாடையும் சேர்ந்து முகத்துக்கு நேரே வரும்.

சில மாதம் கழித்து வரிசையில் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. கணவன் கைவிட்ட பெண்கள் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடுவார்கள். எங்கள் சீனியர் பெரும்பாலும் கணவன் பக்கம். மனைவி வேறொருவனோடு வாழ்கிறாள் என்று காட்டிவிட்டால் ஜீவனாம்சம் கிடையாது. ஆகவே கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கும். ஆண் வக்கீல் கேட்டால் மாஜிஸ்திரேட் முகம் சுளிப்பார், பின்னால் நிற்கும் கூட்டம் சிரிக்கும், அந்தப் பெண் அழுதால் இரக்கம் அவள் பக்கம் போய்விடும்.

"பொம்பள கேட்டா கோர்ட்டு சிரிக்காதும்மா. அதுக்குத்தான் நீ," என்றார் சீனியர், எனக்குப் பதவி உயர்வு கொடுப்பவர் போல.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் ஆபீஸில் ஒத்திகை நடக்கும். குமாஸ்தா தோளில் கிடக்கும் துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, நாற்காலியைக் கூண்டாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர்தான் அந்தப் பெண். நான் கேள்வி கேட்க வேண்டும். அவர் குரலை ஒடுக்கி, உடம்பை நெளித்துப் பதில் சொல்வார். சீனியர் தொடையில் தட்டிச் சிரிப்பார். பணம் கொடுக்கும் கணவனும் சில நாள் வந்து உட்கார்ந்து, தன் பெண்டாட்டியைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டுப் போவான்.

நான் முதலில் விசாரித்தது தேவாரம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை. நாலாவது கேள்வியிலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த வாய்தாவுக்கு அவள் வரவில்லை, மனு தள்ளுபடியானது. சீனியர் எல்லோர் எதிரிலும் என்னைப் பாராட்டி, கீழே இருந்து டீ வாங்கிவரச் சொன்னார்.

அதற்குப் பின் கோர்ட்டு நாட்களில் காலையில் வாந்தி வந்தது. டாக்டர் வயிற்றுப்புண் என்றார், பால் குடிக்கச் சொன்னார், கல்யாணம் எப்போது என்றும் கேட்டார். என்னோடு சேர்ந்த ஜூனியர் ஒருவர் ஆறு மாதமாக வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். யாரோ செய்வினை வைத்துவிட்டதாக அவர் வீட்டில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் பார்க்கிற வேலையால் இது வரலாம் என்று எந்த டாக்டரும் எந்த வக்கீலும் சொல்லி நான் கேட்டதில்லை. கோட்டு மாட்டியவனுக்கு மனம் கெடும் என்பதே அவர்களுக்குக் கேவலம்.

சிலமலையில் தோட்டம் வைத்திருந்த அப்பாவிடம், விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"கோட்டக் கழட்டிப்புட்டு என்ன சோலி பாப்ப? மாப்ள பாக்கவா?"

ஆக, எனக்கு முன் இருந்தது இவ்வளவுதான்: அந்தக் கேள்விகளைக் கேட்டு வக்கீலாக இருப்பது, அல்லது வக்கீலாக இல்லாமல் போவது. மூன்றாவது ஒன்று உண்டா என்று தெரியவில்லை.

அப்போதுதான் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிற பெண்ணின் மனு வந்தது. கணவன் அதே எஸ்டேட்டில் கங்காணி. இன்னொருத்தியைக் கூட்டிவந்து, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டான். எஸ்டேட் முதலாளி எங்கள் சீனியரின் பழைய கட்சிக்காரர். அவளை ஜீப்பு டிரைவரோடு சேர்த்துப் பேச வேண்டும் என்று முடிவானது. அன்றைய ஒத்திகையில் குமாஸ்தா ஜீப்பு குலுங்குவதைக்கூட நடித்துக் காட்டினார்.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் அவளே என்னைத் தேடி வந்தாள். கையில் பிள்ளை. என் கருப்புக் கோட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீதான் கேக்கப் போறியாம்ல ஆத்தா? சொன்னாக. ராத்திரியெல்லாம் பயந்து கெடந்தேன். ஆம்பளைக கேட்டா வாயே வராது. நீ கேளு, எல்லாத்தையும் சொல்லிப்புடுறேன்."

நான் எதிர்க்கட்சி என்பது அவளுக்குத் தெரியவில்லை. பெண்ணிடம் கேட்கப் பெண்ணை வைத்திருப்பது அவளுக்காகத்தான் என்று நினைத்துவிட்டாள். எவ்வளவு யோக்கியமான ஏற்பாட்டை அவள் எங்கள் மேல் ஏற்றிவைத்திருந்தாள் என்பதை நினைக்க நினைக்க, ஏலக்காயும் பிராந்தியும் கலந்த அந்த வாடை என் வாயிலிருந்தே வருவது போலிருந்தது.

கூண்டில் அவள் என்னைப் பார்த்தே நின்றாள். கல்யாணம் எப்போது, எந்த லயம், எத்தனை பிள்ளை என்று கேட்டேன். நன்றாகச் சொன்னாள். ஜீப்பில் போனது உண்டா என்றேன்.

"உண்டு ஆத்தா. பிள்ளைக்கு வலிப்பு வந்துச்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டாந்தேன்."

அடுத்த கேள்வி, வழியில் ஜீப்பு எங்கே நின்றது என்பது. அதற்கடுத்து வருபவற்றை இங்கே எழுத மாட்டேன். மேற்கொண்டு கேள்வி இல்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சீனியர் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தானே ஆரம்பித்தார். பின்னால் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்து, இது என்ன கேள்வி என்று அதட்டினார். சீனியர் மாற்றிக் கேட்டார். மறுபடியும் அதட்டல். அவளுடைய வக்கீல் சன்னல் வழியே பஸ்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டில் நின்றவள் எதற்கும் வாய் திறக்கவில்லை. அதட்டல் யாருக்கு என்றுகூட அவளுக்குப் புரிந்திருக்காது. வாய்தா போட்டார்கள்.

வெளியே வந்ததும் சீனியர் நிதானமாகவே பேசினார். அடுத்த வாய்தாவில் நான் எழுந்து முடிக்க வேண்டும், முடியாது என்றால் நாளை முதல் வரவேண்டாம். வரவில்லை என்றேன். குமாஸ்தா, "வக்கீலம்மாவுக்கு நெஞ்சு எளகிருச்சு," என்று பல்லைக் காட்டினார்.

அவள் தூணோரம் காத்திருந்தாள். கோபமாக இருந்தாள்.

"ஏன் ஆத்தா உக்காந்துட்ட? அந்தாளு கையில விட்டுட்டியே."

நான் அவள் புருஷன் பக்கத்து வக்கீல் என்று அப்போதுதான் சொன்னேன். "அப்ப இனிமேயாவது என் பக்கம் வாயேன்," என்றாள். எதிர்க்கட்சியின் கேஸ் கட்டைப் படித்தவள் அந்த வழக்கில் அவள் பக்கம் ஆஜராகக் கூடாது. அந்த விதியைச் சொன்னேன். விதி சரியானதுதான். ஆனால் அவள் காதில் அது இன்னொரு கைவிடலாகத்தான் விழுந்திருக்கும். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஜீப்பு நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

நல்ல வக்கீல் ஒருவரின் பெயரை ஆள் மூலம் அவளுக்குச் சொல்லியனுப்பினேன். அவரிடம் போனாளா என்று தெரியாது.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு போடியிலேயே ஒரு மாடியில் பாதி அறை பிடித்து, என் பெயர் எழுதிய பலகையை மாட்டினேன். அப்பா வந்து, பலகை ஆடாமலிருக்க இன்னோர் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் படியேறி வந்தவர் வேட்டி சட்டையில் பளிச்சென்று இருந்த ஒரு வியாபாரி. தம்பி மேல் ஜீவனாம்ச வழக்கு என்றார்.

"அந்தப் பொம்பளைய நீங்க விசாரிச்சா எடுபடும்னு சொன்னாக."

இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், படி வழுக்கும் என்றேன்.

"நான் இன்னும் கேஸையே சொல்லலையேம்மா," என்றார்.

"சொல்லிட்டீங்க," என்றேன்.