பேக்கரி மூலையில் ஆள் மாற்றம்

"ஞாயிறு. பேக்கரி மூலையில் ஆள் மாற்றம். வண்டியின் இடப்பக்கம் ஒரு கீறல்."

ஸ்கூட்டர் வாங்கிய வாரம் என் டைரியில் நான் எழுதிய குறிப்பு இது. எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். கீறலுக்கும் அந்த மரியாதை உண்டு.

வண்டி என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். மகள் முன்னால் நிற்பாள். கணவர் பின்னால் உட்கார்ந்து, சிக்னலில் மற்ற வண்டிக்காரர்களைத் திட்டிக்கொண்டு வருவார். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் காக்ஸ் டவுனில் மாமனார் வீட்டில் சாப்பாடு. அந்தத் தெருவுக்குத் திரும்பும் மூலையில் ஒரு பேக்கரி. அங்கே வந்ததும் கணவர் என் தோளைத் தட்டுவார். நான் இறங்கிப் பின்னால் போவேன், அவர் முன்னால் வருவார். மிச்ச தூரத்துக்கு அவர்தான் ஓட்டுநர்.

"பொம்பள ஓட்ட, ஆம்பள பின்னாடி உக்காந்து போறதா?" என்று மாமனார் தெருவில் போகிறவர்களைக் கேலி செய்வதைக் கேட்டே வளர்ந்தவர் அவர். ஆபீசில் பெண்கள் தினத்தன்று மேடையேறிப் பேசுவார். நல்ல பேச்சு, நானே படித்துத் திருத்தியிருக்கிறேன். ஆனால் வாய் பேசியது கைக்குத் தெரியாது. பேக்கரியைக் கண்டதும் தோளைத் தட்டிவிடும்.

ஓட்டவும் வராது. அந்தத் தெருவில் இருப்பது ஒரே ஒரு வேகத்தடை. அதை அவர் தாண்டுவதற்குள், சர்ச்சில் விட்டுப்போன ஜெபங்களையும் நான் சொல்லி முடித்துவிடுவேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மகள் பொம்மை ஸ்கூட்டரை ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். கட்டில் கால் வந்ததும் நிறுத்தினாள்.

"அப்பா பொம்ம, முன்னாடி வா. தாத்தா பாத்துடுவாரு."

"பாத்தா என்னடி?"

"அப்பாவுக்கு ஷேம் ஆயிடும்."

இது இவளோடு சேர்ந்து வளரக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு தோளில் தட்டு விழுந்தது. நான் நிறுத்தவில்லை.

"ஏய், பேக்கரி! பேக்கரி!"

"பன்னு வேணுமா?"

"விளையாடாதம்மா. அப்பா கேட்டுலயே நிக்கிறாரு."

"நிக்கட்டும். ஸ்தோத்திரம் சொல்லுங்க."

கணவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார், பெற்ற அப்பாவுக்கு அடையாளம் தெரியாது என்பதுபோல.

மாமனார் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "என்னடா, இன்னிக்கி பேக்கரில மாறலையா?"

மீன் குழம்புக் கரண்டியோடு வாசலுக்கு வந்த மாமியார், "அவருக்குத் தெரியாத மூலையா அது!" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். மாமனார் கையிலிருந்த பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

அந்த வீட்டு ஹாலில் ஒரு பழைய போட்டோ உண்டு. மாமியார் ஒரு மொபெட்டில் சாய்ந்து நிற்பார். சும்மா போட்டோவுக்கு நின்றது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டின்போது நான் விசாரணையைத் தொடங்கினேன். அது எந்த வருஷம்? யார் ஓட்டினார்கள்?

"அந்த வண்டி எப்பவும் ரிப்பேருதாம்மா" என்றார் மாமனார். மாமியார் என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

இப்போதெல்லாம் பேக்கரியைத் தாண்டும்போது தோளில் தட்டு விழுவதில்லை. பன் வாங்க மட்டும் சில நாள் நிறுத்துகிறேன். அப்படி ஒருநாள், இங்கே எங்களைப்போல வேறு யாராவது மாறி உட்கார்ந்தது உண்டா என்று பேக்கரிக்காரரிடம் கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "ஹௌது மேடம், அந்தக் காலத்துலயும் ஒரு ஜோடி இங்க மாறி உக்காருவாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு."

எந்த ஜோடி என்று அவருக்குத் தெரியாது. சொன்ன அப்பாவும் இப்போது இல்லை. ஆகவே டைரியில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: "மாமியார் ஓட்ட, மாமனார் பின்னால் உட்கார்ந்து வந்தார் என்பது இன்னும் உறுதியாகவில்லை."