வெளிச்சம் பட்ட சரக்கு

போடியில் லிங்கேஸ்வரனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அவன் அப்பா விட்டுப்போன ஜீப்பு. உடுத்திய வேட்டி, உண்ட தட்டு, படுத்த கட்டில் எல்லாம் மாமனார் மலைச்சாமி வாங்கிப் போட்டவை. வீட்டோடு மாப்பிள்ளை. அந்தச் சொல்லை அவன் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. டீக்கடை பெஞ்சில் நகர்ந்துகொண்டே, "மாப்ளைக்கு இடம் விடுங்கப்பா" என்று அந்த மாப்ளையை ஒரு இழுப்பு இழுப்பார்கள். அது போதும், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

மலைச்சாமி ஏலக்காய் வியாபாரி. எந்த எஸ்டேட்டுக் காய் வந்தாலும் சரி, சொந்தத் தம்பி அனுப்பிய மூட்டையே ஆனாலும் சரி, குடோன் முற்றத்தில் விரித்த படுதாவில் தலைகீழாகக் கொட்டச் சொல்வார். மேலே முத்து முத்தாய்ப் பச்சைக் காய், அடியில் வெடிப்பும் சொத்தையும் என்று கட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. அதனால் வந்த பழக்கம். போகப்போக அது வியாபாரத்தோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வாங்கிய அரிசி, மகளுக்கு எடுத்த சேலை, மருந்துக்கடை மாத்திரை அட்டை என்று எதையும் பிரித்து அடிவரை பார்த்தால்தான் மனுசனுக்குச் சோறு இறங்கும். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

குரங்கணியில் மலையேற வருகிறவர்களை ஏற்றி இறக்குவது லிங்கேஸ்வரனின் சோலி. அப்படி ஒருநாள் வந்தவன் சென்னைக்காரன் மகாராஜன். கழுத்தில் பழைய ஃபிலிம் கேமரா தொங்கியது. உச்சிக்குப் போகுமுன்பே ஃபிலிம் தீர்ந்துவிட்டது. போடியில் ஒரு ரோல் வாங்கிவிடலாம் என்று நம்பி வந்திருந்தான், பாவம். லிங்கேஸ்வரன் அவனை ஜீப்பில் வைத்துக்கொண்டு போடி முழுக்கச் சுற்றினான், தேனி வரைக்கும் போனான். போன ஸ்டுடியோவில் எல்லாம் சிரித்தார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் பரணைக் குடைந்து, காலாவதியாகிக் கருவாடாய்க் கிடந்த ஒரு ரோலை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். மகாராஜன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் புலம்பல்தான். ஊட்டியில் இருந்த ஃபிலிம் ஆலையை மூடியாகிவிட்டது, வெளிநாட்டிலும் ஒன்றொன்றாய் மூடிவிட்டார்கள், மிச்சம் இருக்கிறவன் அனுப்புவதும் கடைக்கு வருமுன்பே தீர்ந்துபோகிறது, இந்தப் பக்கம் சின்ன வயசுப் பிள்ளைகள் எல்லாம் ஃபிலிமுக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். வாங்க ஆள் நிற்கிறது, சரக்கு இல்லை. ஏலக்காய் வீட்டில் இத்தனை வருசம் குப்பை கொட்டியவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. வெளிநாட்டில் மூடிக்கிடந்த ஓர் ஆலையை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, துருப்பிடித்த இயந்திரத்தைத் தட்டி எழுப்பி, மறுபடியும் கறுப்பு வெள்ளை ஃபிலிம் வார்க்கிறார்கள் என்று மகாராஜன் மூலம் தெரியவந்தது. சின்ன ரோலாக வெட்டித் தர அவர்களிடம் ஆள் இல்லை. பெரிய டின்னில் மொத்தமாக, அதுவும் பெயர் பதிந்துவைத்தவர்களுக்கு முறைப்படி கொடுக்கிறார்கள். அதை வாங்கி, இருட்டறையில் வைத்து வெட்டி, சின்னச் சின்ன டப்பியில் சுற்றி விற்றால் இந்தியா முழுக்க வாங்க ஆள் இருக்கிறது. லிங்கேஸ்வரன் பெயர் பதிந்தான், காத்திருந்தான், முறை வந்ததும் ஜீப்பை விற்றான். அந்தப் பணம் ஃபிலிமுக்கும் சுங்க வரிக்கும் வெறும் டப்பிக்குமே சரியாய்ப் போனது. முதல் டின் நல்லபடியாக விற்றுவிட்டால் தேனியில் தனி வீடு, தனி போர்டு. மலைச்சாமி மருமகன் என்று எவனும் கூப்பிட வேண்டாம், லிங்கேஸ்வரன் என்று கூப்பிட்டால் போதும். அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இருட்டறைக்கு எங்கே போவது? குடோனில் காய் போட்டுவைக்கும் உள்ளறைக்குச் சன்னல் கிடையாது. வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும் என்று மூட்டைக்குள்ளும் கறுப்பு பிளாஸ்டிக் போட்டுக் கட்டியிருப்பார்கள். அந்த அறையைக் கேட்கப் போனபோது, மாமனாருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று லிங்கேஸ்வரன் சொன்னான்:

"இதுவும் நம்ம காய் மாதிரிதான் மாமா. வெளிச்சம் பட்டாக் கெட்டுரும்."

மலைச்சாமிக்கு நன்றாகவே புரிந்தது, அறையையும் கொடுத்தார். காயை அவர் வெளிச்சத்தில் கொட்டித்தான் தரம் பார்க்கிறார். பார்த்துவிட்டு மறுபடி கட்டி உள்ளே போட்டுவிடுகிறார். பச்சை வெளுக்க நாளாகும், ஒரு நாழிகையில் ஒன்றும் ஆகிவிடாது. ஃபிலிமுக்குக் கண் சிமிட்டுகிற நேரம் போதும் என்பதை மட்டும் இந்தப் புத்திசாலி சொல்லவில்லை. மனைவி சிவரஞ்சனிக்கு எல்லாம் சொல்லியிருந்தான். உள்ளறையில் அவளை உட்கார வைத்து, விளக்கில்லாமல் சுற்றக் கற்றுக்கொடுத்து, டின்னை ஏன் வெளியில் திறக்கக்கூடாது என்பதைச் சலிக்கச் சலிக்கச் சொல்லியிருந்தான்.

டின் வந்தது அவன் இல்லாத நாளில். போடிமெட்டுக்கு மேலே காய் லோடு ஏற்ற மாமனார் அனுப்பியிருந்தார். இறங்கி வந்து பார்த்தால் டின் மேசைமேல் இருக்கிறது, ஆனால் மூடியைச் சுற்றியிருந்த ஒட்டுநாடா அறுந்து, மேலே வேறு நாடா ஒட்டியிருக்கிறது. யார் பிரித்தது என்று கேட்டான்.

"அப்பாதான். யாவாரிக வந்திருந்தாக. மாப்ள என்னமோ வரவழைச்சிருக்காருன்னு சும்மா தொறந்து ஒரு முழம் இழுத்துப் பார்த்துட்டு மூடிட்டாரு," என்றாள் சிவரஞ்சனி.

"ஒரு முழந்தானா?"

"ஒரு முழந்தான். நான் பக்கத்துலயேதான நின்னேன்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஃபிலிம் இறுக்கமாகச் சுற்றியிருந்தால் மேல் சுற்று அடிச்சுற்றுக்குக் குடை பிடிக்கும், மேலே கொஞ்சம் போனாலும் உள்ளே தப்பிவிடும். உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மேல் சுற்றுகளைத் தாராளமாகவே வெட்டி எறிந்தான். மீதியைச் சுற்ற உட்கார்ந்தால், சுற்று தொளதொளவென்று தளர்ந்து கிடந்தது. விரலில் மண் நெருடியது. புது ஆலை, சுற்றப் பழகவில்லை போல என்று நினைத்துக்கொண்டான். ஒரு துண்டைக் கழுவிப் பார்த்திருக்கலாம். கழுவும் மருந்தும் ஃபிலிமைப் போலவே வாங்கக் கிடைக்காத சாமான், வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும், அங்கே வாங்குகிறவர்கள் எப்போது எப்போது என்று பிடுங்குகிறார்கள். பக்கத்தில் நின்றவள் சொல்கிறாள், பிறகென்ன? ரோல்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கொச்சிக்கும் கிளம்பின. ஒவ்வொரு டப்பியிலும் அவன் பெயர் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது.

அந்தக் கொஞ்ச நாள் அவன் டீக்கடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் சேதி மகாராஜனிடமிருந்து வந்தது. அண்ணே, கழுவினேன், முழுக்கக் கறுப்பு, ஒரு படம்கூட இல்லை என்று எழுதியிருந்தான். அடுத்து ஒருவர், அதற்கடுத்து ஒருவர். கல்யாணம் எடுத்தவன், ராமேஸ்வரம் போய் எடுத்து வந்தவள், எல்லாருக்கும் கறுப்பு. வெளிச்சம் பட்ட சரக்கைத் தெரிந்தே தலையில் கட்டிவிட்டான் போடிக்காரன் என்று அவன் படத்தோடு போட்டு, ஃபிலிம் ஆட்கள் இருக்கிற குழுவிலெல்லாம் சுற்றவிட்டார்கள். தெருத்தெருவாய்க் கூட்டிப்போய் ரோல் தேடிக் கொடுத்தானே, அந்த மகாராஜன்தான் முதலில் களவாணி என்று எழுதினான்.

லிங்கேஸ்வரன் ஆலைமேல் பாய்ந்தான். செத்த சரக்கை அனுப்பி ஏழை வாயில் மண்ணைப் போட்டீர்களே என்று வாய்க்கு வந்தபடி எழுதினான். அவர்கள் மரியாதையாகவே பதில் போட்டார்கள். அதே வார்ப்பில் மற்றவர்களுக்குப் போன டின்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, இனி உங்களுக்குச் சரக்கு அனுப்புவதாக இல்லை, பெயரை எடுத்துவிட்டோம் என்று. நாலு வியாபாரிகள் உட்கார்ந்திருக்கும்போது மலைச்சாமி ஆறுதல் சொன்னார். சரக்கை அடிவரைக்கும் பார்த்து வாங்காவிட்டால் இப்படித்தான் மாப்ளே ஆகும், போகட்டும், குடோன் சோலி இருக்கவே இருக்கிறது, பாருங்க என்றார். வியாபாரிகள் மீசைக்குள் சிரித்தார்கள்.

அவனும் குடோன் சோலி பார்க்கப் போனான். அங்கே காய் பொறுக்க வருகிற அய்யம்மாள் வெள்ளந்தி, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். சுளகை ஆட்டிக்கொண்டே, அந்தக் கறுப்பு நாடா எல்லாம் வித்துப்போச்சா அண்ணே என்று கேட்டாள். டின் வந்த அன்றைக்கு நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.

"பெரியய்யா விடுவாரா? இழுத்தாரு இழுத்தாரு, அடிக்கட்டை தெரியிற வரைக்கும் இழுத்தாரு. குடோன் முத்தம் பூரா மலை மலையா நாடா, உச்சி வெயிலு. என்னப்பா, மாப்ள சரக்குல உள்ளயும் ஒண்ணும் இல்லையேன்னு ஒரே சிரிப்பு. நீங்க மேட்டுல இருந்து வர்றதுக்குள்ள திரும்பச் சுத்தணும்னு அக்கா எங்க எல்லாரையும் உட்கார வச்சாக பாருங்க, கை வீங்கிப்போச்சு."

விரலில் நெருடிய மண் எந்த மண் என்று இப்போது விளங்கியது. கிழவன் அறியாமல் செய்தான், அவனை அடித்தாலும் திட்டினாலும் ஆறிவிடும். இவள் அறிந்தல்லவா செய்தாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் ஜீப்பு மட்டும்தான் போயிருக்கும். ஃபிலிம் பாழ், அடுத்த முறை அனுப்புங்கள் என்று ஆலையைக் கெஞ்சியிருக்கலாம், வாங்குகிறவர்களிடம் கையைப் பிடித்துத் தவணை கேட்டிருக்கலாம். எல்லாரும் காத்திருந்திருப்பார்கள். காத்திருந்து பழகிய கூட்டம்தானே அது. பெயர் மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்குப் போனான். மதியச் சாப்பாட்டுக்குச் சிவரஞ்சனி எப்போதும்போல் தட்டு வைத்தாள். அவன் சோற்றில் கை வைக்காமல் கேட்டான், அய்யம்மாள் சொன்னது நிசமா என்று. சிவரஞ்சனி மறுக்கவில்லை. முகம்கூட மாறவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே எங்கப்பா சட்டையப் பிடிச்சிருப்பீக. பிடிச்சுட்டு, வெளிய போறேன்னு என்னையும் இழுத்திருப்பீக. ஊரு எங்கப்பாவப் பார்த்துச் சிரிச்சிருக்கும்."

"அந்த ரோலப் பூரா என் பேரு போட்டு அனுப்புனேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"இப்ப மட்டும் நான் போக மாட்டேன்னு நெனைக்கிறியா?"

கோபம் இல்லை, கேலி இல்லை; அக்கறையாகவே கேட்டாள்.

"இப்ப எங்க போவீக?"

அவன் யோசித்துப் பார்த்தான். வெளியே காய் லோடு வந்து நிற்கிறது, மாப்ளே வெரசா வாங்க என்று மலைச்சாமி கூப்பிட்டார். சிவரஞ்சனி குழம்புச் சட்டியை எடுத்து, ஊற்றட்டுமா என்றாள். அவன் தட்டை நீட்டினான்.