மாமனார் வேட்டியும் அலுமினியச் சருவமும்

என் மகள் பிறப்பதற்கு ஆறு வாரம் இருக்கும்போது, அவளுடைய துணிமணி அத்தனையையும் ஓர் அலுமினியச் சருவத்துக்குக் கொடுத்துத் தீர்த்தவன் நான். கொடுத்ததோடு நிற்கவில்லை. பெரிய லாபம் பார்த்துவிட்டதாக ஒரு மணி நேரம் சந்தோஷமாகவும் இருந்தேன். பாத்திரக்காரர் மேல்கொண்டு ஒரு கரண்டியும் கொடுத்திருந்தார்.

திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்குச் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். முதல் ஆறு மாதம் இரண்டு ராஜ்யத்துக் காகிதக் கட்டுகளையும் ஒன்றாகக் கலந்தோம். அடுத்த ஆறு மாதம் எது எங்கேயிருந்து வந்தது என்று பிரித்தோம். இவ்வளவு பெரிய தேச சேவைக்குக் கிடைத்த சம்பளத்தில் வலியசாலையில் ஒன்றரை அறை வீடு கிடைத்தது. அந்த அரை அறையில்தான் சமையல்.

முதல் பிரசவம் பெண்ணின் பிறந்த வீட்டில் நடக்க வேண்டியது. என் மனைவிக்குச் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள். நாஞ்சில் நாட்டில் தனியாக இருந்த அப்பாவும் முந்தின ஐப்பசியில் போய்விட்டார். அந்த வீட்டையும் பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள். ஆகவே பிரசவம் எங்கள் ஒன்றரை அறையிலேதான் என்று ஆயிற்று. ஏற்பாடுகள் என் பொறுப்பு என்று ஆயிற்று. யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். ஆபத்து அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று எதுவும் வாங்கமாட்டார்கள். வாங்குவது கிடக்கட்டும், வாங்கப்போகிறோம் என்று பேசக்கூட மாட்டார்கள். கண் பட்டுவிடும். சிக்கனமாகக் குடும்பம் நடத்த நினைக்கிறவனுக்கு இதைவிட வசதியான வழக்கம் கிடையாது. சும்மா இருந்தாலே போதும். ஆனால் எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். ஆபீஸில் யாரோ விட்டுப்போன சிசு பராமரிப்புப் புத்தகம் ஒன்று என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதில் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை அகலமான பாத்திரத்தில் உட்கார்ந்து குளித்துக்கொண்டே சிரித்தது. பாத்திரம் இல்லாத குழந்தைகள் சிரிப்பதில்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

பாத்திரம் வாங்கக் காசு இல்லை. காசில்லாமல் சாமர்த்தியமாக வாங்குவது எப்படி என்று ஒரு வாரம் யோசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் குரல் கேட்டது. பழைய துணிக்குப் பாத்திரம். மனைவி கோவிலுக்குப் போயிருந்தாள். கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழந்துணி இருந்தது எனக்குத் தெரியும். நாலைந்து மாதமாக அது கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்துகொண்டே வந்தது. நைந்துபோன வேட்டிகள், சாயம் போன சேலைகள். பெண்களுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது என்று எனக்குள் சிரித்துக்கொண்டு பெட்டியை அப்படியே தெருவுக்குத் தூக்கிப்போனேன்.

பாத்திரக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஒவ்வொரு வேட்டியாக வெயிலில் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிப் பிதுக்கி வைத்தார். அவர் பிதுக்கப் பிதுக்க எனக்குப் பயம், எங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று. கடைசியில் பெரிய மனசு பண்ணி அகன்ற வாய்ச் சருவம் ஒன்றைக் கொடுத்தார். நான் கரண்டியைக் கேட்டேன். உடனே கொடுத்தார். அந்த வேகத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மனைவி கோவிலிலிருந்து வந்தாள். அறை நடுவில் சருவத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். இது என்னத்துக்கு என்று கேட்டாள். பிள்ளையைக் குளிப்பாட்ட என்றேன். அவள் சருவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பச்சப்பிள்ளைய நீட்டுன காலுல போட்டுல்லா குளிப்பாட்டுவாவ. சருவத்துல போட்டு அலச அது என்ன சேனைக்கிழங்கா?”

இங்கிலீஷ் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“எதக் குடுத்து வாங்கினியோ?”

சொன்னேன். சாமர்த்தியமான இடங்களை அழுத்திச் சொன்னேன். கரண்டியையும் எடுத்துக் காட்டினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, எட்டு மாத வயிற்றோடு குனியமுடியாமல் குனிந்து, காலால் பெட்டியை இழுத்துத் திறந்து பார்த்தாள். பெட்டியில் வேப்பிலை மட்டும் கிடந்தது.

பிறகு விஷயம் ஒவ்வொன்றாக வந்தது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உடம்பை அறுக்கும். பல வருஷம் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டிதான் அதற்குத் துணி, மெத்தை, போர்வை, தூளி எல்லாம். பிரசவம், வைகாசியில் பிடித்து வாரக்கணக்கில் விடாத இடவப்பாதி மழையில். துவைத்த துணி மூன்று நாள் காயாது. ஒன்றுக்கு இரண்டாய், இரண்டுக்கு நாலாய் வேண்டும். அதற்காக அவள் தெருவில் வீடு வீடாகப் பழந்துணி வாங்கிச் சேர்த்திருந்தாள். எதற்கென்று அவளும் சொல்லவில்லை, கொடுத்தவர்களும் கேட்கவில்லை. வாயால் பேசக்கூடாத ஏற்பாடு அல்லவா. தெருவில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் தெரிந்த அந்த ரகசியம், வீட்டுக்குள் இருந்த ஒரே அறிவாளிக்கு மட்டும் தெரியவில்லை.

இத்தனையையும் அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைசியில் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது.

“அடியில ரெண்டு வேட்டி இருந்து. கத்தரிப்பூ கரை போட்டது. எங்க அப்பா உடுத்தது. பிள்ளைக்கு மொதத் துணியா அதப் போடணும்னு வச்சிருந்தேன். பொறந்த வீட்டுச் சீருன்னு எனக்கு வேற என்ன இருக்கு?”

அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியாவது தப்பித்திருப்பேன். எழுந்து அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள். சருவத்தில் இல்லை, பழைய பானையில்.

மறுநாள் ஆபீஸில் கொச்சியையும் திருவிதாங்கூரையும் அப்படியே கிடக்க விட்டுவிட்டு, சாயங்காலம் நேரத்தோடு கிளம்பி, வீட்டிலிருந்து சருவத்தை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். சருவத்தைத் திருப்பிக் கொடுத்துத் துணியை வாங்கிவிடலாம் என்பது என் திட்டம். கையில் அலுமினியச் சருவத்தோடு ஒருவன் கடைத்தெருவில் மெதுவாக நடந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. மூன்று பேர் விலை கேட்டார்கள். ஒரு அம்மாள் விரலால் தட்டிப் பார்த்து, கனம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். பாத்திரக்காரர் உதட்டைப் பிதுக்கிப் பார்த்த என் வேட்டிகளுக்கு ஈடாக நான் வாங்கிய சாமான் அது.

பாத்திரக் கடைகளில் விசாரித்து விசாரித்து, ஒரு சந்துக்குள் அவர் குடியிருந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. சருவத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய் நின்றேன். அவர் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சருவத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

குடுத்த பாத்திரத்தைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லை என்றார். சருவம் இருக்கட்டும், துணி எங்கே என்றேன். துணி அன்றைக்கே போய்விட்டது, பஸ் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் துடைக்க மெத்தென்ற வேட்டிக்கு நல்ல கிராக்கி என்றார். தெருவே சேர்ந்து என் பிள்ளைக்குக் கொடுத்த துணியில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கத்தரிப்பூக் கரை போட்ட இரண்டு வேட்டி என்று நான் இழுத்தேன். அவர் பீடியால் உள்ளே காட்டினார்.

உள்ளே உத்தரத்திலிருந்து ஒரு தூளி தொங்கியது. கத்தரிப்பூக் கரை. அதற்குள் மூன்று மாதக் குழந்தை ஒன்று கட்டை விரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது. இன்னொரு வேட்டி நாலாகக் கிழிபட்டு மூலையில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தூளியை ஆட்டிக்கொண்டிருந்த பாத்திரக்காரர் மனைவி, தலையில் சருவம் வைத்த மனிதனை ஏறிட்டுப் பார்த்தாள்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று யோசித்தேன். நின்றுவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை சாமர்த்தியமான இடங்களை விட்டுவிட்டுச் சொன்னேன். ஆகவே கதை ரொம்பச் சின்னதாக இருந்தது. சாலைக் கடைத்தெருவிலேயே ஒரு புது வேட்டி வாங்கி வந்து தருகிறேன், இதைக் கொடுத்துவிடு தாயே என்றேன்.

“புதுச வச்சு நான் என்னய்யா செய்ய? கஞ்சி விட்டுப் போவவே ஆறு மாசம் ஆவும். அதுக்குள்ள எம் பிள்ள எந்திரிச்சு நடந்துரும்.”

புது வேட்டி கொடுத்தால் பழைய வேட்டி கிடைக்காது என்கிற இந்தக் கணக்கு எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் பார்வை என் இடுப்புக்கு இறங்கியது.

“நீங்க உடுத்திருக்கது வாங்கி எத்தன வருசம் ஆச்சு?”

நாலு என்றேன். பொய்யில்லை. அந்த வேட்டியை உடுத்திக்கொண்டு ஆபீஸுக்குப் போவதற்கு நான் ரொம்ப நாளாகக் கூச்சப்பட்டிருந்தேன். அவள் எழுந்து வந்து வேட்டி நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். புருஷனைப் போல உதட்டைப் பிதுக்கவில்லை. இது ஆகும் என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் கலைந்த குழந்தை ஊரைக் கூட்டியது. தூளியை அவிழ்த்து அவள் என் பக்கம் பார்க்காமல் நீட்டினாள். பாத்திரக்காரர் ஒரு சாக்கைத் திரையாகப் பிடித்தார். என் வேட்டி உத்தரத்துக்கு ஏறியது, என் மாமனாரின் வேட்டி என் இடுப்புக்கு வந்தது. கொடியில் கிடந்த துண்டு நாலையும் அவளே உருவி என் தோளில் போட்டாள். வேட்டியைச் சுற்றிய பிறகுதான் அதன் நடுவில் வட்டமாக ஓர் ஈரம் இருப்பது தெரிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. முன்பக்கம் வந்திருந்தது.

மழை சட்டென்று நின்றுவிட்டது. கொட்டியிருந்தால் எல்லாம் ஒரே ஈரமாகப் போயிருக்கும். எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கிள்ளிப்பாலம் தாண்டும்போது எதிரே எங்கள் சூப்பிரண்டு வந்தார். குடையை மடக்கிக்கொண்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். கையில் சருவம், தோளில் கந்தல், வேட்டியில் வட்டம். மரியாதைப்பட்ட மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்புக்கு முடியவில்லையென்றால் பத்து நாள் லீவு எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று மலையாளத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார். பிரசவத்துக்கு லீவு கிடைக்குமா என்று நான் ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். முகத்தைச் சோர்வாக வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கரையைத்தான் பார்த்தாள். பிறகு, அவிழ்த்துத் தரும்படி கையை நீட்டினாள். அன்றைக்கு இரண்டாவது தடவையாக, இந்தத் தடவை என் வீட்டிலேயே, நான் வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் அந்த வேட்டியைச் சோடாக்காரம் போட்டுக் கொதிக்க வைத்தாள். மூன்று நாள் மழையில் காயாமல் கிடந்ததை அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தினாள். மற்றத் துணிகளுக்கு மறுபடியும் தெருவில் வீடு வீடாகப் போனாள். அவர்கள் மறுபடியும் எதற்கென்று கேட்கவில்லை. என்னைக் கண்டால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நல்ல மழை நாளொன்றில் மகள் பிறந்தாள். கதவு கொஞ்சம் திறந்து மருத்துவச்சியின் கை மட்டும் வெளியே வந்தது. நான் தயாராக வைத்திருந்த மாமனார் வேட்டியைக் கொடுத்தேன். உள்ளே மனைவி மெதுவாக ஏதோ சொன்னதும் மருத்துவச்சி சிரித்ததும் கேட்டது. என்ன சொன்னாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் பிள்ளைக்கு அரைஞாண் கட்டத் தெருவே வந்திருந்தது. தூளியில் கத்தரிப்பூக் கரையைக் கண்டு யாரோ விசாரித்தார்கள். விடுவேனா? மழையில் சாலைக் கடைத்தெரு பூராவும் அலைந்தது, சந்து சந்தாகத் தேடியது, உடுத்தியிருந்த வேட்டியையே அவிழ்த்துக் கொடுத்து மாமனாரின் வேட்டியை மீட்டது எல்லாவற்றையும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன். மழையும் கொஞ்சம் பலமாகவே பெய்தது. பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு கிழவி என் பெண்டாட்டியின் அதிர்ஷ்டத்தைப் பற்றிக்கூடச் சொன்னாள். எல்லாரும் போன பிறகு, எனக்கும் ஒரு வார்த்தை கிடைக்கும் என்று தூளிப் பக்கமாகவே நின்றுகொண்டிருந்தேன். மனைவி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

“தேடிப் போனதயே ஊரெல்லாம் சொல்லாண்டாம். கொண்டுபோய்க் குடுத்ததும் நீங்கதான்.”