பார்க்கிறீர்களா என்று கேட்க ஒருவர்

சுரபாயாவில் எங்கள் சந்தில் இணையம் என்றால் சாக் குஸ்னன்தான். வெளியிலிருந்து ஒரே ஓர் இணைப்பை வாங்கி, அதிலிருந்து வீட்டுக்கு வீடு கம்பி இழுத்துத் தந்தவர் அவர். சாக் என்றால் அண்ணன். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் அழைப்போம். படம் நின்றால் அவரைக் கூப்பிடுவோம். ஓடும்போது அவரை ஒருவரும் நினைப்பதில்லை. கூரைகளில் ஏறி இறங்கியே அவருடைய முழங்கால்கள் தேய்ந்துவிட்டன.

அவருடைய மகள் ராத்ரி இறகுப்பந்து ஆடுபவள். அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைவிலுள்ள பன்யுவாங்கி நகரில் பயிற்சி விடுதிக்கான தேர்வு ஆட்டங்கள் நடந்தன. வென்றால் விடுதியில் இடம் கிடைக்கும். வயது வரம்பின்படி அவளுக்கு அதுவே கடைசி ஆண்டு. சாக் குஸ்னனும் புறப்படத்தான் இருந்தார். "நீங்க போயிட்டா லைனை யாரு பாக்குறது?" என்று சந்தே தடுத்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்தாவது மகளின் ஆட்டத்தை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே அவருடைய விருப்பமாக எஞ்சியது.

காலையில் அரையிறுதி. ராத்ரியின்மேல் இருந்த அன்பினால் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் கைப்பேசியில் ஒளிபரப்பைத் திறந்தோம். அது யூனிகாஸ்ட் முறை. ஒவ்வொரு கைப்பேசிக்கும் படத்தின் தனிப் பிரதி ஒன்று, அந்தக் குறுகலான ஒற்றை இணைப்பின் வழியாகவே வந்தாக வேண்டும். அத்தனை பிரதிகள் எப்படி நுழையும்? ராத்ரி மட்டையை ஓங்கியபடியே உறைந்து நின்றாள். ஆரவாரமும் சிதறியே எழுந்தது. ஒரு வீடு கைதட்டி ஓய்ந்த பின்னரே அடுத்த வீடு தட்டத் தொடங்கியது.

"சாக், உங்க பொண்ணு என்ன, போட்டோவுக்கு நிக்கிறாளா?" என்று பெசெல் கீரைச் சோறு விற்கும் யூ தார்மி, அதாவது தார்மி அக்கா, எதிர்வாசலிலிருந்து கத்தினாள்.

"நீங்க எல்லாரும் சேர்ந்துதான் அவளைக் கட்டிப் போட்டிருக்கீங்க. போனை மூடுங்க, யூ!"

எப்படியோ அவள் வென்றுவிட்டாள். நாங்கள் பார்த்தது பாதிதான்.

நண்பகலுக்குள் அவர் மல்டிகாஸ்ட் முறைக்கு மாற்றினார். இனி வெளியிலிருந்து ஒரே பிரதிதான் வரும். கிளை பிரியும் இடத்தில், கேட்கும் வீடுகளுக்கு மட்டும் அது பலவாகப் பிரியும். அப்படிப் பிரிக்கும் பெட்டி, இரவில் சந்தைச் சுற்றி வரும் ரோண்டாக் காவல்காரர்களின் கொட்டகையில் தொங்கியது. கைப்பேசி வேண்டாம், தொலைக்காட்சியில் மட்டும் பாருங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

இறுதி ஆட்டம் தொடங்கியது. படம் கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. முதல் புள்ளிக்குச் சந்து முழுவதும் ஒரே கணத்தில் ஆர்ப்பரித்தது. சாக் குஸ்னன் நாற்காலியில் சாய்ந்து காப்பிக் குவளையை எடுத்தார். சில நிமிடங்கள்கூட ஆகியிரா. எல்லாத் திரைகளும் ஒன்றாக இருண்டன.

"சாஆஆக்!"

குவளையை வைத்துவிட்டுக் கொட்டகைக்கு நொண்டியபடி ஓடினார். பார்த்ததுமே பிழை புரிந்துவிட்டது. எங்கள் ரோண்டாக்காரர்கள் சுற்றி வரும்போது வாசலில் தொங்கும் டப்பாவிலிருந்து ஒரு பிடி அரிசி எடுப்பார்கள். டப்பா காலியாக இருந்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்று கொள்வார்கள். அந்தப் பெட்டியும் அப்படித்தான். 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று ஏதேனும் ஒரு கருவி அவ்வப்போது கேட்க வேண்டும். வீடுகள் 'ஆம்' என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வராத வழியைப் பெட்டி அடைத்துவிடும். வீடுகள் பதில் சொல்லக் காத்துக்கொண்டுதான் இருந்தன. கேட்பதற்கு ஒரு கருவியை அமர்த்தத்தான் அவர் மறந்திருந்தார்.

பெட்டியில் கம்பி செருகக் காலித் துளை ஏதும் இல்லை. தம் வீட்டுக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துளையில் மடிக்கணினியை இணைத்தார். எழுத்துகளைக் காட்டுவதற்கே மூச்சுவாங்கும் பழைய கணினி அது. படமெல்லாம் அதில் ஓடாது. அதன்வழியே, கேட்கும் பொறுப்பைப் பெட்டிக்கே கொடுத்தார். வீடுகளில் படம் திரும்பியது.

"வந்துருச்சு! ஓடி வாங்க, எங்க வீட்லயே பாருங்க!" என்றாள் யூ தார்மி.

"மறுபடி அடைக்காதுன்னு தெரியணும், யூ. அதுவரைக்கும் இங்கதான்."

"போன்லயாச்சும் பாருங்களேன், மனுஷா!"

"நான் தொறந்தா நீங்களும் தொறப்பீங்க."

"நானா?" சற்று யோசித்தாள். "தொறப்பேன்தான்."

அவர் மூங்கில் பலகையில் உட்கார்ந்தார். ஆரவாரம் ஒன்றாக எழுந்தது. பெருமூச்சும் ஒன்றாகவே வந்தது. இனி அடைபடாது என்று உறுதியானபோது ஆட்டம் இழுபறியாகக் கடைசிப் புள்ளிக்கு வந்திருந்தது. எழ முயன்றார், முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அப்போது எல்லா வீடுகளிலிருந்தும் "அடூஹ்!" என்று, ஐயோவென அலறும் ஒற்றைக் குரல் எழுந்தது. ஒரு வீடும் முந்தவில்லை, ஒரு வீடும் பிந்தவில்லை. தம் வேலை சரியாக நடந்திருப்பதையும், மகள் தோற்றுவிட்டதையும் அந்த ஒரே குரலில் அவர் தெரிந்துகொண்டார்.

வெளியே வந்த யூ தார்மி ஒரு குவளைத் தேநீரை அவர் அருகில் வைத்துவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் கைப்பேசி ஒலித்தது.

"பாத்தீங்களாப்பா?"

"கேட்டேம்மா."

"கேட்டீங்களா? அது என்ன கதை?"

"வா, சொல்றேன். சாப்பிட்டியா?"

"இல்ல."

அதன்பின் வெகுநேரம் மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

சற்றுப் பொறுத்து அவள் மறுபடியும் கேட்டாள். அவரும் மறுபடியும் சொன்னார்.